மூச்சை எண்ணும் செவிலியர்

மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் மதுரையின் திருநகர், ஹார்விபட்டி, தனக்கன்குளம், விளாச்சேரி வட்டாரத்துச் சுகாதார நிலையங்களில் காலை வரிசை முழுக்க இருமல்தான். "ரெண்டு நாளா நெஞ்சு கர்ர்ருன்னு இழுக்குது நர்சம்மா, சளி கட்டிக்கிருச்சு" என்று பேரப்பிள்ளையை முன்னே நீட்டுவார் ஒரு பாட்டி. நர்சம்மா உடனே மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. குழந்தையை அம்மாவின் மடியிலேயே இருக்கச் சொல்கிறார். சட்டையை மேலே தூக்கிவிட்டு, ஒரு கண் வயிற்றிலும் ஒரு கண் கடிகாரத்திலுமாக அறுபது விநாடி பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகத் தோன்றும்.

அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளியில்லை, நிமோனியா என்று எடுத்துக்கொண்டு மருத்துவம் தொடங்க வேண்டும். எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. கண்ணும் கடிகாரமும் மட்டும் போதும்.

இது எப்படிச் சாத்தியம்? நிமோனியாவில், காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளில் நீரும் சீழும் தேங்குகின்றன. நுரையீரல் விறைத்துப்போகிறது. கைப்பம்பில் சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு மீதி புரிந்துவிடும். டியூப் இறுகிய பிறகு பம்பை அடிவரை அழுத்த முடியாது. குட்டிக் குட்டியாக, வேகவேகமாக அடிப்போம். விறைத்த நுரையீரலை முழுதாக விரிக்கப் பெரும் உழைப்பு வேண்டியிருப்பதால், குழந்தையின் உடலும் சின்ன மூச்சுகளை அதிகமாக எடுத்துச் சமாளிக்கிறது. சாதாரணச் சளி மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது. அது எவ்வளவு சத்தம் போட்டாலும் நுரையீரலை விறைக்க வைப்பதில்லை. பாட்டியைக் கலங்கடிப்பது அந்தக் 'கர்ர்' சத்தம். நர்சம்மாவைக் கலங்கடிப்பது சத்தமே போடாத வேகம்.

வேகத்தோடு இன்னொன்றையும் அவர் பார்க்கிறார். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே விரிய வேண்டும். சில குழந்தைகளுக்கு அது உள்ளே போகும். கைக்குழந்தையின் விலா இன்னும் எலும்பாக இறுகாமல் குருத்தாக இருக்கிறது. விறைத்த நுரையீரலை விரிக்க உதரவிதானம் பலமாக இழுக்கும்போது, நுரையீரலுக்குப் பதிலாக விலா வளைந்து கொடுத்துவிடுகிறது. நோய் முற்றிக்கொண்டிருப்பதற்கு அது அடையாளம்.

40, 50 என்ற எண்களை யார் முடிவு செய்தார்கள் என்பது தமிழ்நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1980களின் தொடக்கத்தில் பாப்புவா நியூகினியின் கோரோகா நகரில் பிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் வேலை செய்தார். மலைக் கிராமங்களில் மருத்துவரும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. இருமும் குழந்தைகளில் யாருக்கு ஆன்டிபயாடிக் தேவை என்பதைச் சுகாதார ஊழியரே தெரிந்துகொள்ள ஒரு வழி தேடினார். மூச்சின் வேகம் நல்ல அடையாளமாக இருப்பதைக் கண்டு, 50 என்ற எல்லையை முன்வைத்தார். அந்த எல்லையை நம் ஊரில் சோதித்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். தாமஸ் செரியன், டி.ஜேக்கப் ஜான் உள்ளிட்ட குழுவினர் அறுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். எல்லா வயதுக்கும் ஒரே எண் போதாது. ஒரு வயதுக்குள் 50, அதைத் தாண்டியவர்களுக்கு 40 என்று பிரித்தால் நோய் தப்பாமல் பிடிபடுகிறது என்பது அவர்கள் கண்டது. இன்று உலகம் முழுக்கச் செவிலியர்களின் கையேட்டில் வயதுவாரியாக இருக்கும் அந்த எண்களுக்குப் பின்னால் வேலூரின் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

எல்லையை எங்கே வைப்பது என்பதுதான் இதில் கடினமான வேலை. கீழே வைத்தால் நிமோனியா ஒன்றுகூடத் தப்பாது; ஆனால் சளி பிடித்த குழந்தைகளெல்லாம் வேண்டாத ஆன்டிபயாடிக் சாப்பிடும், கிருமிகள் மருந்துக்குப் பழகும். மேலே வைத்தால் மருந்து மிச்சமாகும், சில குழந்தைகள் கைவிட்டுப் போகும். ஆகவே 40 என்பது இயற்கை வரைந்த கோடு இல்லை. எந்தத் தவற்றை எவ்வளவு தாங்கலாம் என்று மனிதர்கள் தரவுகளை வைத்து யோசித்து எடுத்த முடிவு. மூச்சுக்குழாய் சுருங்கி வீசிங் வரும் குழந்தையும் வேகமாகத்தான் மூச்சுவிடும். அதனால் விசில் சத்தம் கேட்டால், முதலில் குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து மறுபடி எண்ணச் சொல்கிறது கையேடு. எண்ணிக்கை இறங்கிவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படாமல் போகலாம்.

ஏன் ஒரு முழு நிமிடம்? கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஆகாதா? ஆகாது. கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. சில விநாடி நின்றாற்போல் இருந்து, பிறகு படபடவென்று ஓடும். கால் நிமிடத்தில் இரண்டு மூச்சு கூட எண்ணிவிட்டால் பெருக்கும்போது பிழை எட்டாகிவிடும். 44 மூச்சு விடுகிற எட்டு மாதக் குழந்தை 52 ஆகி நிமோனியாக்காரப் பட்டியலில் சேர்ந்துவிடும். அழுதால் எண்ணிக்கை ஏறும், பால் குடிக்கும்போதும் மாறும். குழந்தை அமைதியாகும் வரை காத்திருந்து எண்ண வேண்டும். நூறு பேர் நிற்கிற வரிசையில் அந்தக் காத்திருப்புக்குத் துணிச்சல் வேண்டும்.

எண்ணுவதற்கு முன்பே நான்கு கேள்விகளை அவர் கேட்டு முடித்திருப்பார். குடிக்கிறதா, பால் இழுக்கிறதா? குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? துவண்டு கிடக்கிறதா, எழுப்பினால் முழிக்கிறதா? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் இருமலா பேதியா என்ற விசாரணைக்கு நேரமில்லை. முதல் வேளை மருந்தைக் கொடுத்து 108-ஐ அழைக்க வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் வகுத்த முறை இது. இந்தியா பச்சிளங்குழந்தைகளையும் சேர்த்து இதை விரிவாக்கிக்கொண்டது. இதற்கான அட்டையில் மூன்று நிறம்: இளஞ்சிவப்பு என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி, மஞ்சள் என்றால் இங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு. நோய்க்குப் பெயர் வைப்பதை விட, இந்தக் குழந்தை இன்றிரவு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் ஆரம்ப சுகாதாரத்தில் முதல் வேலை. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

அடுத்தது பேதி. கோடையில் தண்ணீர் லாரியை நம்பும் தெருக்களிலும், மழைக்குப் பின் குழாயில் கலங்கல் வரும் தெருக்களிலும் இது தவறாமல் வரும். "உச்சிக்குழி விழுந்துபோச்சு, தோஷம் தட்டிருச்சு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். காரணம் எதைச் சொன்னாலும், அவர்கள் பார்த்தது சரி. நீர் வற்றினால் கைக்குழந்தையின் உச்சி குழிந்துதான் போகும். ஆனால் உச்சிக்குழி ஒன்றரை வயதுவாக்கில் மூடிவிடும். தோல் எந்த வயதிலும் இருக்கிறது. தொப்புளுக்கும் இடுப்போரத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுகிறார் நர்சம்மா. உடனே படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் கூடாரம்போல் நின்றால் நிலைமை கடுமை. நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையிடம் இந்தக் கிள்ளல் ஏமாற்றும் என்பதால், குழிந்த கண்ணையும் தாகத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுதான். குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, வாய்வழி கொடுக்கும் தண்ணீர் எப்படி உள்ளே நிற்கும்? இந்தக் கேள்விக்கு விடை 1960-இல் கிடைத்தது. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடலின் உட்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அவை போகுமிடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே தள்ளும் வழியைத்தான் திறந்துவிடுகிறது. குளுக்கோஸ் நுழையும் வாசலை அது மூடுவதில்லை. அத்தனை கடும் பேதியிலும் அந்த ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1971-இல் வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகளின் முகாமில், மேற்கு வங்கத்தின் பங்காவ்னில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த அறிவை நம்பி இறங்கினார். ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிவைத்து, காலரா நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. ஏழாண்டு கழித்து 'லான்செட்' இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. 2022-இல் மஹலனாபிஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்றைய பாக்கெட்டில் உள்ள 20.5 கிராம் பொடி ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதில் சோடியமும் குளுக்கோஸும் மில்லிமோல் கணக்கில் 75-க்கு 75, சரிசமம். பாதிப் பொடியைக் கண்ணாடித் தம்ளரில் கொட்டிக் கலக்கினாலோ, ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தாலோ இந்த அளவு குலைகிறது. இனிப்பு மிகுந்தால் குடல் நீரை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே விட்டு, பேதி கூடும். மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு அட்டைப்பெட்டியில் விற்ற பழச்சுவைப் பானங்கள் இதனால்தான் ஆபத்தானவை. அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தாமதமாக வந்த உத்தரவு, வந்ததே நல்லது. கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரையும் சேர்கிறது. பேதி நின்ற பிறகும் அதை முடிக்க வேண்டும் என்பதை வீடுகளில் சொல்லிச் சொல்லியே நர்சம்மாக்களுக்குத் தொண்டை வறண்டிருக்கும்.

குழந்தைகளின் நோய் கண்ணுக்குத் தெரிகிறது. பெரியவர்களிடம் வருவது பேசாத நோய்கள். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லை. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே சிஸ்டர்" என்பதுதான் அனைவரும் சொல்வது. ஒன்றும் பண்ணாமலே ரத்தக் குழாயைக் கெடுப்பதுதான் அந்த நோயின் இயல்பு. ஆஸ்பத்திரிக்கு வராதவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி. கருவியோடும் சுகர் பார்க்கும் கருவியோடும் வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரையும் வீடு வந்து சேர்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

பி.பி. பார்ப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் முறையைக் கண்டார்; 1905-இல் ரஷ்யாவின் கொரோத்கோவ், பட்டை தளரும்போது ரத்தக் குழாயில் எழும் ஒலியைக் கேட்டு மேலெண்ணையும் கீழெண்ணையும் பிரித்தார். நூறாண்டு தாண்டியும் பல நேரம் அளவு தவறுவது கருவியால் அல்ல, உட்காரும் விதத்தால்தான். மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு, காலைத் தொங்கவிட்டு, கையைத் தொடைமேல் போட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசிக்கொண்டே அளந்தால் எண் தப்பாக ஏறும். ஐந்து நிமிடம் அமர்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, வாய் மூடியிருக்க வேண்டும். 140-க்கு 90 என்ற கோடு வாழ்நாள் முழுக்க மாத்திரையைத் தீர்மானிக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தால் என்ன?

சுகர்காரர்களின் காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களில் பலருக்குப் பல வருடமாகச் சுகர் இருக்கும். பாதத்தின் நரம்பு செத்திருந்தால் தார் சுட்டது தெரியாது, முள் குத்தியது தெரியாது. வீட்டுக்கு வந்து தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியும். இதைக் கண்டுபிடிக்கச் செவிலியர் கையில் இருப்பது ஒரு நைலான் இழை. பாதத்தின் குறிப்பிட்ட இடங்களில் அதை வைத்து, வளையும் வரை அழுத்துவார். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது அது. கண்ணை மூடியிருப்பவர் 'ஆமா' என்று சொல்லவில்லை என்றால் அந்த இடத்தில் வலி என்ற காவல் போய்விட்டது.

இந்த இழையின் பாடம் தொழுநோயிலிருந்து வந்தது. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று கண்டார். அவர் பின்னாளில் பணியாற்றிய அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில்தான், 10 கிராம் இழையை உணர முடியாத பாதமே புண்ணாகும் பாதம் என்று 1986-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலூரில் தொடங்கிய ஒரு புரிதல், உலகைச் சுற்றி, சுகர்காரர்களின் பாதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

திருநகரிலிருந்து திருமங்கலம் சாலையில் கொஞ்சதூரம் போனால் தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோயைக் கண்டதும் பயந்த காலத்தை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். மருந்து இருந்தும் காசநோயில் இறப்பவர்களில் பலர், நோய் கண்டுபிடித்த முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். அவர்களை நோய் கண்ட அன்றே அடையாளம் காண 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தமிழ்நாட்டில் தொடங்கியது. சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்த் துறையும் வகுத்த திட்டம் அது. சுகாதார ஊழியர் பார்ப்பவை: எடைக்கும் உயரத்துக்குமான குறியீடு (பி.எம்.ஐ.) 14-க்கு இறங்கிவிட்டதா, 16 வரை இருந்து காலும் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் குறைவா, பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியவில்லையா. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் பரிந்துரை. எடை மெஷின், உயரம் அளக்கும் பட்டை, விரலில் மாட்டும் கருவி, கடிகாரம், அவ்வளவே. 'எழுந்து நில்லுங்கய்யா' என்று சொல்லிப் பார்ப்பது ஓர் உயிர்காக்கும் பரிசோதனையாக எழுதிவைக்கப்பட்டிருப்பதை நினைக்கும்போது, மருத்துவம் மனிதரை மறுபடி நேராகப் பார்க்கத் தொடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நெஞ்சுவலிக்கும் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கை கிடைக்கிறது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தோன்றுகிறவருக்குப் பதினான்கு மாத்திரைகள் ஒரே வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தி, மதுரை ராஜாஜி மருத்துவமனை போய்ச் சேரும் வரை நேரம் வாங்கித் தருவது அவற்றின் வேலை. "கேஸ் பிரச்சினைதான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனையும் ஒருவர் தலையில். தடுப்பூசிப் புதன்கிழமை, கர்ப்பிணிகள் பதிவு, வீடு வீடாகப் போவது, போதாததற்கு ஒவ்வொன்றையும் செல்போன் செயலியில் ஏற்றும் வேலை. எண்ணுவதற்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்காமல் போனால், வேலூரிலும் கோரோகாவிலும் கண்டறிந்த எண்கள் காகிதத்திலேயே நின்றுவிடும். காலிப் பணியிடங்களை நிரப்புவதும் எழுத்துவேலையைக் குறைப்பதும் அரசின் கடமை. நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. நர்சம்மா குழந்தையின் சட்டையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்கும்போது "ஊசி போட்டு அனுப்புங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். குழந்தையை அழாமல் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்து இரண்டு நாளில் திரும்ப வரச் சொன்னால், சரியாகிவிட்டது போலிருந்தாலும் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.